மேய்க்கால் புறம்போக்கும் பனிமான்களும்

கருத்தரங்கு அழைப்பிதழ் எழில்மொழியை ‘வடதுருவப் பகுதி வல்லுநர்’ என்கிறது. வல்லுநர் பிறந்தது திருவிடைமருதூர் பக்கத்துக் கிராமம். வடக்கே அதிகபட்சம் போனது சென்னை. அங்கும் ஏசி பஸ்ஸில் ஜலதோஷம் பிடித்துத் திரும்பினாள். மார்கழியில் குரங்குக் குல்லா இல்லாமல் தஞ்சாவூர் பஸ் ஏறமாட்டாள்.

அவள் தமிழில் எழுதும் ஆய்வேடு, நார்வேயில் பனிமான் மேய்க்கும் சாமி என்ற மக்களின் நில உரிமை பற்றியது. பெயரைக் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தர்மாம்பாள், “எந்தக் கோயில் சாமிடி?” என்று விசாரித்து, விபூதியும் கொண்டுவரச் சொன்னாள்.

அம்மாவின் பெயர் அம்சம், நடவுக்குப் போகிறவள். அவளுக்கு வேறு சந்தேகம்.

“மானையா மேய்க்கிறாங்க?”

“ஆமாம்மா. தலைமுறை தலைமுறையா மேய்ச்ச இடம். யாருக்கும் சொந்தமில்லைன்னு அரசாங்கம் எழுதி வச்சிருந்தது. இப்பக் காத்தாலை வருது, அவங்க கோர்ட்டுக்குப் போயிருக்காங்க.”

“இதுக்கு ஏழு வருஷமா படிக்கிற? நம்ம மேய்க்கால் புறம்போக்குதானே! ஆடு மேய்ச்சா யாருதும் இல்ல. கட்டடம் கட்டணும்னா மட்டும் அரசாங்கத்துது.”

ஏழு வருஷம் தேடிய சொல் அடுப்படியில் கிடைத்தது. எழில்மொழி அதை ஆய்வேடு முழுக்கப் போட்டாள்.

நெறியாளர் வெங்கடசுப்ரமணியன் நல்ல மனிதர். பூர்வீகத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். எதிர்ப்பு அங்கிருந்து வந்தது.

“ஏம்மா, புறம்போக்குன்னா திட்டற வார்த்தை இல்லையா? ‘அரசு நிலம்’னு மாத்திடுங்க. தேர்வாளர் திருப்பி அனுப்பிட்டா உங்க பதிவுக் காலம் முடிஞ்சுடும். அப்புறம் பட்டமே கிடையாது.”

“அரசு நிலம்னு எழுதினா வழக்கையே அரசாங்கத்துக்கு விட்டுக்குடுத்த மாதிரி சார்.”

“அதுக்காகத் திட்டலாமா?”

“உங்க வீட்ல அது திட்டு சார். எங்க வீடே அதுலதான் இருக்கு.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“பயமா இல்லையா?”

“நல்லாவே இருக்கு சார்.”

“எனக்கும்தான்” என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

தேர்வாளர் என்ன சொல்வாரோ, இன்னும் தெரியாது. எழில்மொழி நாற்பத்து மூன்று இடங்களிலும் புறம்போக்கைப் புறம்போக்கு என்றே எழுதி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.