எண்ணெய் திரும்பும் வழி

செங்கல்பட்டில் தனகோடி முதலாளியின் பஸ் ஷெட்டில் கோதண்டராமன் பதினோரு வருஷமாகத் தலைமை மெக்கானிக். பெட்ரோல் பஸ்களில் டீசல் எஞ்சின் மாற்றிப் பூட்டியதெல்லாம் அவர் கைதான். 1957-ல் ராமதாஸ் வேலைக்குச் சேர்ந்தான். அதன்பிறகு முதலாளி எதற்கெடுத்தாலும் ராமதாஸைக் கேள் என்று சொல்ல ஆரம்பித்தார். கோதண்டராமனுக்குச் சோறு இறங்கவில்லை.

ராமதாஸ் சென்னையில், உடைத்த கப்பலின் சாமான்களிலிருந்து ஒரு டர்போ வாங்கி வந்தான். எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சக்கரம் அது. அசுர வேகத்தில் சுற்றுவதால் அதன் அச்சுக்கு ஓயாமல் எண்ணெய் வேண்டும். மகாபலிபுரம் பஸ்ஸில் பூட்டினான். நிறைந்த கூட்டத்தோடு பஸ் மேட்டில் கியர் குறைக்காமல் ஏறியது. முதலாளி ஷெட்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். கோதண்டராமன் தன்னுடையதை ஆட்டுக்குப் போட்டார்.

மறுநாள் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்த்தவருக்குத் தப்பு தெரிந்துவிட்டது. எண்ணெய் உள்ளே போகும் மெல்லிய குழாய் சரிதான். திரும்பி வரும் குழாயையும் ராமதாஸ் அதே மெல்லிசில், வளைத்து வைத்திருந்தான். பம்ப் தள்ளுகிற வேகத்தில் உள்ளே போகிற எண்ணெய், தன் பாரத்தால் மட்டுமே கீழே இறங்க வேண்டும். இறங்க வழியில்லாவிட்டால் தேங்கிக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போய்விடும்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. நீலப் புகை வருகிறது என்று டிரைவர் வந்து நின்றபோது, ராமதாஸைக் கேள் என்று அனுப்பிவிட்டார். அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

புகைதானே, ராமதாஸின் பேர் கெடும், அவ்வளவுதான் என்று நினைத்து, ஆறாம் நாள் மனைவி வேண்டாவோடு மாமனார் ஊருக்கு அதே பஸ்ஸில் போனார். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார், நிற்கவில்லை. கசிந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு அலறியது. ஜனங்கள் விழுந்தடித்து இறங்கினார்கள். கோதண்டராமன் ஈரச் சாக்கை மடித்துக் காற்றுப் போகும் வாயில் வைத்து அழுத்தினார். மூச்சு முட்டி எஞ்சின் நின்றது. உள்ளங்கை தோலுரிந்திருந்தது.

அடுத்த பஸ்ஸில் ராமதாஸ் வந்து சேர்ந்தான். குழாயைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணாத்த, உனுக்கு இது முன்னியே தெரியுமா?"

"ஆறு நாளா தெரியும்."

"தெரிஞ்சிகினே சும்மா இருந்தியா? உன் பொஞ்சாதியும் இதுலதானே வந்துது."

ஷெட்டுக்கு இழுத்து வந்ததும், கட்டுப்போட்ட கையோடு கோதண்டராமன் சொல்லச் சொல்ல, ராமதாஸ் பருத்த குழாயாக, நேரே கீழே இறங்கும்படி பூட்டினான். புகை நின்றது.

முதலாளி விசாரித்தபோது ராமதாஸ், தப்பு தன்னுடையது, பஸ்ஸையும் ஜனங்களையும் காப்பாற்றியது அண்ணாத்ததான் என்றான். அந்த ஆறு நாள் விஷயத்தைச் சொல்லவில்லை. முதலாளி கோதண்டராமனின் தோளைத் தட்டினார்.

அதுவரை அவனுடைய கைத்திறன்மேல்தான் கோதண்டராமனுக்குப் பொறாமை. அன்றைக்கு அவன் மனசைப் பார்த்து வயிறு எரிந்தது.