ஆறாம் பெட்டிக்குள் கேட்ட பாட்டு

"அவ குரலைப் போட வேணாம்னு எத்தனை தடவை சொல்றது, அக்கா..."

"உனக்கா போடுறாங்க? பிள்ளைக்குடா..."

"செத்தவ குரலைப் போய்..."

"பெத்தவ குரல்டா அது."

தம்பி, தன் காதில் மட்டும் விழக்கூடாது என்று முனகிவிட்டு வார்டை விட்டு வெளியேறினான்.

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அவன் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஆறாம் எண் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். பிள்ளை அடிக்கடி மூச்சு விடவே மறந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தாயின் பாட்டைக் கேட்கவைத்து மூச்சைச் சீராக்க, அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தி இருந்தாள். நர்சுகளுக்கு அவள் 'பாட்டக்கா'. குறைப்பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தால், தாயை முன்கூட்டியே பாடச் சொல்லிப் பதிந்து வைப்பார்கள். இந்தப் பிள்ளையின் தாயுடையதை ஒரு நர்ஸ் பதிந்திருந்தாள். எந்தப் பதிவையும் பாட்டக்கா தான் ஒருமுறை கேட்காமல் போடமாட்டாள். அன்று, இந்த அக்கா தம்பி சண்டையை விலக்கியதில், அது விட்டுப்போயிற்று.

மதியம் 2:40. சின்ன ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் வைத்து, சத்தத்தை அடியோடு குறைத்து ஓடவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் காதை வைத்தாள்.

ம்ம்... ம்ம்ம்...

2:52. பிள்ளையின் மூச்சு நின்றது.

பாட்டும் நின்றது.

மூன்று நொடி... நான்கு... ஐந்து...

முதலில் பாட்டு தொடங்கியது. பிறகுதான் மூச்சு.

பாட்டக்கா கண்ணாடியிலிருந்து காதை எடுத்தாள். ஆள் நேரில் நின்று பாடினால், மூச்சு வரும்வரை காத்திருந்து பாடலாம். பதிவு எப்படிக் காத்திருக்கும்? கருவியில்தான் கோளாறு என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் பிள்ளை தானாகவே மூச்சு விட்டது. டாக்டர் மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார். தம்பிக்கும் மனசு இளகிவிட்டது. தானும் கேட்கிறேன் என்று வந்து நின்றான். பாட்டக்கா ஸ்பீக்கரை வெளியே எடுத்து, சத்தத்தைக் கூட்டினாள்.

ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு அவள் குரல்.

"இப்போ வேணாம் சிஸ்டர்... அவர் வெளியில நிக்கிறார். நான் பாடினாலே சிரிப்பார். நாளைக்குப் பாடறேன்."

ஒன்பது நொடி. அவ்வளவுதான். அதில் பாட்டே இல்லை.

வேறு பதிவும் இல்லை. அதைப் பதிந்த அன்று சாயந்திரமே அவளைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம்.



தம்பி பெட்டியோரம் குனிந்தான்.

"சிரிக்க மாட்டேம்மா... எனக்கும் ஒரு தடவை பாடு."