எங்கள் ஹாலில் ஒரு சாரி வகுப்பு

ஓசூரில் வீட்டு ஹாலிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், சாரி என்ற வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்கும் என்னைப் போலப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பதிவு

சூளகிரியிலிருந்து வரும் நாகராஜ் கம்பெனி சூப்பர்வைசர். தினமும் லேட். செருப்பைக் கழற்றும்போதே சாரியையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவார். ஒருநாள் பொறுக்காமல் பாடத்தையே மாற்றினேன். வெறும் சாரி செல்லாது, பின்னாலேயே இரண்டு வாக்கியம் வர வேண்டும்: என்ன நடந்தது, இனி என்ன செய்வீர்கள். மறுநாள் பாடத்தை அப்படியே ஒப்பித்தார்.

"சாரி மேடம், பஸ் லேட்டுங்க. நாளைக்கும் இதே பஸ்லதான் வருவேன்."

பதில் பாடம்

சாரிக்கு என்ன பதில் சொல்வது? 'இட்ஸ் ஓகே', 'நெவர் மைண்ட்', 'நோ ப்ராப்ளம்'. போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்த என் வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் எனக்கு ஒரு சாரி சொன்னார். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களைச் சாரி சொல்லத்தான் பழக்கினார்கள். எங்களிடம் யார் சொன்னார்கள், பதில் தெரிவதற்கு? வீட்டுக்காரரை நான் முறைத்ததைப் பார்த்து, தளியிலிருந்து வகுப்புக்கு வரும் ஜெயந்தி கேட்டாள்.

"ஓகே இல்லைன்னா என்ன மேடம் சொல்றது?"

வாடகை சாரி

ஜெயந்தி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவள். லைன் லீடர் பதவிக்கு அவள் முறை. அந்த நேரம் பார்த்து, அவசரம் என்று மேனேஜர் செக் பண்ணாமல் அனுப்பச் சொன்ன பெட்டிகள் திரும்பி வந்தன. அவற்றை வாங்கிய கம்பெனியின் அதிகாரி விளக்கம் கேட்க பெங்களூரிலிருந்து வருகிறார். பழி மட்டும் இவளுக்கு. அந்த மீட்டிங்குக்குப் போகாதே என்றேன். போகாவிட்டால் பதவி போய்விடும் என்றாள். மேனேஜர் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"இங்கிலீஷ்ல அழகா ஒரு சாரி சொல்லிடும்மா, போஸ்ட்டை நான் பாத்துக்கறேன்."

மூன்று வாக்கியம்

என் சோபாவில் நான் அதிகாரியாக உட்கார, நாலைந்து நாள் ஒத்திகை நடந்தது. சாரியோடு நிறுத்தாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மீட்டிங்கில் எழுந்து நின்று சாரி சொன்னாளாம். மேனேஜர் சிரித்தாராம். அடுத்து, பெட்டிகளை செக் பண்ணவில்லை, வேண்டாமென்றவர் மேனேஜர் சார் என்றாளாம். இனி அவரே சொன்னாலும் செக் பண்ணாமல் அனுப்ப மாட்டேன் என்று முடித்தாளாம். அதிகாரி கன்னடக்காரர். காதில் விழுந்தது சரிதானா என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். கர்நாடக எல்லையில் இருக்கும் தளிக்காரிக்குக் கன்னடம் சொல்லித் தரவா வேண்டும்? இன்னும் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். இனி எங்கள் கம்பெனிக்கு வரும் பெட்டிகளை இந்தப் பெண்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போக, லைன் லீடர் பதவி வேறு எங்கே போகும்?

வெளியே வந்த மேனேஜர், டென்ஷனில் அப்படி ஆகிவிட்டது, சாரிம்மா என்று இழுத்தாராம். ஜெயந்தி அவருக்கும் என் பாடத்தையே நடத்தியிருக்கிறாள்.

"இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்குங்க சார், இனிமே என்ன பண்ணுவீங்க?"

நான் சொல்லித் தந்ததில் உருப்படியான சாரி அது ஒன்றுதான். மற்றதெல்லாம் இன்னும் என் வாசலில் செருப்போடு செருப்பாகத்தான் கிடக்கிறது.