கொழுந்தன் மூக்கில் விட்ட எண்ணெய்

"ரொட்டி கருகுறது உங்களுக்குத்தான் தெரியுதா அண்ணி? பேசாம என் மூக்கையும் நீங்களே வச்சுக்கங்க!" என்று ஒருநாள் கொழுந்தன் என் மேல் எரிந்து விழுந்தான்.

சொந்தக் கடையில் ரொட்டி சுடுகிறவன். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து வாசனையே தெரியவில்லை. மணத்தை வைத்தே ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்துப் பழகியவன், இப்போது தினமும் கரியைத்தான் எடுக்கிறான்.

வைத்தியர் மூக்கில் விட மூலிகை எண்ணெய் கொடுத்தார். "தலையைத் தொங்கவிட்டுப் படுக்கணும். தொண்டைக்கு இறங்கினா துப்பணும். வாசனை திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். இந்த மகராசன் சொட்டு விழுந்ததும் என் முகத்தில் தும்முவான். துப்பச் சொன்னால் விழுங்குவான்.

அப்புறம் திடீரென்று, "வாசனை வந்துடுச்சு அண்ணி, எண்ணெய் போதும்" என்றான்.

கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூளை மூக்கருகில் நீட்டினேன்.

"சோப்புதானே?"

"ஆமாடா, காலையில சோப்பைத்தான் கரைச்சுக் குடிச்சே!"

அவன் முகம் தொங்கிப்போனது. "வாசனை வரவே இல்லேன்னா கடையை மூடணுமே அண்ணி."

"எண்ணெய் அது பாட்டுக்கு நடக்கட்டும். அதுவரைக்கும் ரொட்டி உன் மூக்குக்காகக் காத்திருக்குமா? கிளம்பு!" என்று இழுத்துப்போய், நேரம் வைத்தால் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வாங்க வைத்தேன். அதன் விலை, அவன் ஒரு காலையில் கருக்கித் தள்ளும் ரொட்டியின் விலையில் பாதிகூட இல்லை.