பாவா தோட்டத்துக் குருத்து

திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பூஞ்சை, மனிதர்கள் என்று இரண்டு தொல்லைகள் உண்டு. பூஞ்சைக்காவது மருந்து இருக்கிறது. பாட்டிலுக்குள் செடி வளர்க்கப் படித்துவிட்டு, பாட்டிலுக்கு வெளியே இருப்பவர்களிடம் மாட்டிக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என் எரிச்சல் புரியப் போவதில்லை.

உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்தவள் நான். தினமும் அரக்கோணத்தில் ரயிலேறித் திருத்தணியில் இறங்கி, கனகம்மாசத்திரம் சாலையில் இருக்கும் தனியார் கூடம் ஒன்றுக்குப் போகிறேன். அங்கே வாழைக்கன்று தயாரிக்கிறோம். வாழைக்கிழங்கின் நடுக்குருத்தைச் சின்னத் துண்டாக வெட்டி, சர்க்கரையும் சத்து உப்புகளும் ஹார்மோனும் கலந்த ஜெல்லியில் வைத்தால் அது பக்கவாட்டில் புதுக் குருத்துகளை விடும். அவற்றைப் பிரித்து மறுபடியும் வைப்போம். இப்படியே ஒரு தாய் மரத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகள் வரும். அத்தனையும் தாயின் அச்சு. தாய் நல்லதென்றால் அத்தனையும் நல்லது. தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் அப்படியே வந்து சேரும். இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிய மனிதர்களுக்குப் புரியவைக்கத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் போலிருக்கிறது.

காற்றுப் பெட்டிக்குக் கற்பூரம்

குருத்து வெட்டும் அறைக்குள் போகிறவர்கள் செருப்பை விட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ள வேண்டும். என்னோடு வேலை செய்யும் பெண்கள் பூகூட வைத்துக்கொண்டு வரக் கூடாது. எங்கள் முதலாளி ஆயுத பூசையன்று மலையில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு, குடும்பத்தையே கூட்டிக்கொண்டு நேராக அந்த அறைக்குள் வந்து நின்றார். வடிகட்டிய காற்றை எங்கள் பக்கம் ஊதும் பெட்டிக்குச் சாமந்தி மாலை போட்டார். மூடாத ஸ்பிரிட் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே கற்பூரத்தைக் கொளுத்தினார். நான் பாய்ந்து பாட்டிலை எடுக்காமல் இருந்திருந்தால் கூடமே எரிந்திருக்கும்.

அதோடு விட்டாரா? பெட்டியை ஓடவிடச் சொல்லி அதன் மேல் விபூதியைத் தூவினார். வெளிப்பக்கம் ஊதும் பெட்டி அது. விபூதி மொத்தமும் அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அங்கே வெட்டி வைத்த பாட்டில்களில் எல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. மாலையிலும் கால்களிலும் வந்த தூசிதான் காரணம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "முருகன் துன்னூறு போட்ட எடத்துல பூஞ்சை வருதுன்னா, உள்ள வேல செய்றவங்க கிட்டதான்மா ஏதோ கொற இருக்குது."

பாட்டிலில் பிறந்த வாழை

முனிரத்தினம் எங்களிடம் கன்று கேட்டு வந்த விவசாயி. அதற்கு முந்தைய முறை அவர் வெளியிலிருந்து வாங்கி நட்ட பக்கக்கன்றுகள் முடிக்கொத்து நோயில் போய்விட்டன. அந்த வைரஸ் வந்தால் இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கும், தார் வராது. இந்த முறையும் தோற்றால் நிலத்தை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அவரே சொன்னார். நோயில்லாத கன்று வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் படியேறினார்.

ஏறியவருக்கு, இது மரபணு மாற்றிய வாழையோ என்று பயம். இல்லவே இல்லை என்றேன். ஓர் உயிரின் மரபணுத் துண்டைக் கத்தரி மாதிரி வேலை செய்யும் நொதியால் வெட்டி, இன்னோர் உயிரின் மரபணுவில் ஒட்டுவதற்குப் பெயர் மரபணுப் பொறியியல், நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை, இருக்கிற வாழையை இருக்கிறபடியே பெருக்குகிறோம் என்று தொண்டை வறண்டுபோகும்வரை சொன்னேன். பாட்டில்களைக் கையில் கொடுத்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டிவிட்டு அவர் கேட்டார்: "ஆயி அப்பன் இல்லாம பாட்டில்ல பொறந்ததுன்றியேம்மா, இந்தப் பழத்த மலைக்கு எடுத்துகினு போயி சாமிக்கு வெக்கலாமா, கூடாதா?"

தாய் மரத்துக்குச் சோதனை

முனிரத்தினத்துக்கான கன்றுகளுக்குத் தாய் மரத்தை முதலாளியே தேர்ந்தெடுத்தார். அது அவருடைய மனைவியின் அண்ணன் தோட்டத்து மரம். ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அவர்கள் வீட்டில் தெலுங்கு முறைதான். மனைவியின் அண்ணனை முதலாளி 'பாவா' என்பார். பாவா தோட்டத்தில் ஒரு மரம் ஆள் உயரத்துக்குத் தார் போட்டிருந்ததாம். அதன் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்.

குருத்தை வெட்டுவதற்கு முன்னால் வைரஸ் சோதனைக்கு அனுப்பலாம் என்றேன். கொரோனா காலத்தில் ஊரே மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றதே, அதே பி.சி.ஆர். சோதனைதான். கண்ணுக்குத் தெரியாத வைரஸின் மரபணுத் துண்டைச் சூடாக்கியும் ஆறவைத்தும் பிரதிகளாகப் பெருக்கி, இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும். இலையில் ஒரு துண்டு போதும். நான் ஏதோ பாவாவின் சட்டைப்பையைச் சோதனை போடச் சொன்ன மாதிரி முதலாளியின் முகம் சுருங்கிவிட்டது. "பாவா தோட்டத்துக்கா டெஸ்ட்டு? அப்புறம் அவரு மூஞ்சில நான் எப்டிம்மா முழிக்கறது, வூட்ல எனக்கு யாரு சோறு போடுவா?"

குடிகாரக் கணக்கு

அவர் முதலாளி, நான் சம்பளக்காரி. குருத்து பாட்டிலுக்குள் போயிற்று. ஆனால் கன்றுகள் வளர்ந்து நிழல்வலைக் குடிலுக்கு வந்ததும், அவரைக் கேட்காமல் நானே இலைத் துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினேன். அனுப்பிய துண்டுகள் அத்தனையிலும் முடிக்கொத்து வைரஸ் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். முனிரத்தினம் குழி வெட்டி, எரு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நாங்கள் அவருக்கு விதவிதமாகக்கூட இல்லை, ஒரே நோயை ஒரே அச்சில் பெருக்கி வைத்திருக்கிறோம்.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி என்னைக் குடிலுக்கு அழைத்துப் போய்க் கன்றுகளைக் காட்டினார். பச்சைப் பசேலென்றுதான் நின்றன. நோய் உள்ளேயே இருக்கும், வயலுக்குப் போன பிறகுதான் தெரியும் என்றேன். தாய் ஒன்று என்பதால் பிள்ளைகள் அத்தனைக்கும் அது இருக்கிறது என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வூட்ல ஒருத்தன் குடிச்சா எல்லாருமா குடிகாரன்? நாளைக்கி அவரு வண்டி வருது, நீ வாயத் தொறக்காத."

வண்டி வந்த அன்று

திறந்தேன். முனிரத்தினம் சின்ன வண்டியோடு வந்து, ஏற்றுவதற்கு முன் முதல் கன்றுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளியை வைத்துக்கொண்டே சொன்னேன்: இதில் நோய் இருக்கிறது, ஏற்றாதீர்கள். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்த என் புத்தியை என்னவென்பது. முதலாளியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எரிந்து விழுந்ததெல்லாம் என் மேல்தான். குழி வெட்டியதற்கு நான் காரணம், பருவம் தப்பியதற்கு நான் காரணம். அப்படியானால் நோயே வராத வாழையாகக் கொடு என்றார். நோயை எதிர்க்கும் மரபணுவைச் சேர்த்த வாழைக்கு ஆராய்ச்சிதான் நடக்கிறது, அரசாங்க அனுமதி இல்லாமல் அதை யாரும் விற்க முடியாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். வெறும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "ஜீனத் தொடவே இல்லன்னு அன்னிக்கி இன்னா பெருமையா சொன்ன? தொட்டுத் தொலஞ்சிருந்தா எனக்கு இந்த கெதி வந்திருக்குமா?"

அந்தப் பருவத்துக்கு வேர்க்கடலை போட்டார். நிலம் அவர் கையில்தான் இருக்கிறது. திருத்தணி பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்தால் மட்டும் இன்னமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

பாவா வருகை

கன்றுகளைப் பிடுங்கி எரிக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. பாவாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதே அவர் கவலை. கிருத்திகைக்கு மலைக்குப் போகும் வழியில் அந்தப் பாவாவே வந்து இறங்கினார். தன் மரத்துப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். முதலாளி காபி, தண்ணீர் என்று பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மரத்துக்கு முடிக்கொத்து வைரஸ், அதனால் இத்தனை கன்றும் குப்பை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். முதலாளி தரையைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பாவாவுக்குக் கோபமே வரவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அது எனக்குத் தெரியும்மா, அந்த மரத்துக்குப் பக்கத்துலயே நாலஞ்சு மரம் எலையெல்லாம் கொத்தாதான் நின்னுகினு இருந்துச்சு. மாப்ள ஆசயா வந்து கேட்டாரு, இல்லன்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாரேன்னுதான் வெட்டிக் குடுத்தேன்."

பாட்டிலுக்குள் பூஞ்சை வராமல், குருத்துக்குள் வைரஸ் வராமல் தடுப்பதற்கெல்லாம் எங்கள் பாடத்தில் வழி இருந்தது. மாமன் மச்சான் மரியாதை உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வதென்று மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.