சினைப்பன்றிக்கு வாஸ்து

பன்றிப் பண்ணையில் வேலை என்று சொன்னால் கோயில் வரிசையில் முன்னால் நிற்பவர் தானாகவே வழி விட்டுவிடுவார். இந்தத் தொழிலில் அது ஒன்றுதான் சௌகரியம். மற்றதெல்லாம், முதலாளி என்று ஒருவரை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கும் தெரிந்த கஷ்டம்தான்.

நாலு பெற்றவள்

எங்கள் முதலாளி சிங்கப்பூரிலிருந்து திரும்பி மயிலாடுதுறைப் பக்கம் பண்ணை போட்டவர். நாட்டுக் கறுப்பு நாலைந்து குட்டி போட்டால் அதிகம், சீமை வெள்ளை பத்துக்குக் குறையாது என்று கேட்டு, ராணி என்ற வெள்ளைப் பன்றியை வாங்கினார். அது போன ஈற்றில் நாலே நாலு போட்டது. இந்தத் தடவையும் அப்படியென்றால் கசாப்புக்கு என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சுவாமிமலைக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பேர் ராணி, நட்சத்திரம் தெரியாது, குழந்தை நிறைய வேண்டும் என்றேன். "இப்ப எத்தனை?" என்றார் குருக்கள். நாலு என்றேன்.

"நாலு பெத்தவளுக்கு இன்னும் எதுக்கும்மா வேண்டுதல்? போதும்னு புத்தி சொல்லும்மா!"

துண்டு போட்டு இடம்

ராணி மறுபடி ஆண் பன்றியோடு சேர்ந்ததும் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்தார். "போன தடவை சேர்ந்தப்புறம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். மறுவாரமே மினி வேனில் ஏற்றிப் பட்டுக்கோட்டை மச்சானிடம் காட்டிவிட்டு வந்ததை முதலாளி பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "வெள்ளைக்குக் கரு நிறைய உண்டாகும் சார். ஆனா முதல்ல கர்ப்பப்பைக்குள்ள மிதந்துக்கிட்டுத்தான் இருக்கும். அப்புறம்தான் ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு ஒட்டும். அந்தச் சமயத்துல அலைச்சல், பயம், சண்டைன்னா பாதி கரைஞ்சு போயிடும். ஒரு மாசம் அதை இருக்கிற இடத்துல விடுங்க."

முதலாளி சிரித்தார். "கும்பகோணம் பஸ்ஸுல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரியில்ல சொல்றீங்க!"

கன்னி மூலை

அந்த மாசம் முடியுமுன்னே முதலாளி வாஸ்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். கர்ப்பவதி தென்மேற்கில், கன்னி மூலையில்தான் இருக்க வேண்டுமாம். கன்னி மூலைக் கொட்டிலிலோ இரண்டு கறுப்புகள். புதிதாக எது நுழைந்தாலும் காதைக் கடித்து வைக்கும். "தம்பி, டாக்டரம்மா நகர்த்த வேணாம்னாங்களே" என்று முதலாளியிடம் சொன்னேன். "டாக்டருக்கு வாஸ்து தெரியுமாக்கா?" என்றார்.

முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாஸ்துக்காரரைக் கேட்டேன். "ஐயா, மூலையை எங்கேருந்து பாக்கிறீங்க?" முதலாளி உட்காரும் இடத்திலிருந்தாம். "அப்ப தம்பியோட மேஜையை நகர்த்தினா, ராணி இருக்கிற இடமே கன்னி மூலையாயிடாதுங்களா?" அவர் திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆகும் என்றார். ஏசி அறையிலிருந்த மேஜை வடகிழக்கே, ஈசானத்துக்குப் போனது. ஈசானத்தில் இருந்தது கழிவுத் தொட்டி.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திய முதலாளியிடம் வாஸ்துக்காரர் சொன்னார்: "நாத்தத்தைப் பாக்காதீங்க சார், யோகம் அந்த வழியாத்தான் வருது."

பதினொன்று

ராணி இடத்தை விட்டு அசையவில்லை. ஈன்றபோது குட்டிகள் பதினொன்று, எல்லாம் உயிரோடு, முட்டி மோதிக்கொண்டு பால் குடித்தன. கசாப்புக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன், முதலாளி போனில் கத்துகிறார்.

"மச்சான், பதினொண்ணு! எல்லாம் நான் உக்காந்த இடந்தான்யா!"

வயிற்றில் சுமந்தது ஒருத்தி, வாழ்த்து வாங்கிக்கொள்வது இன்னொருத்தர் என்பதை, பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் புதிதாகவா சொல்லப்போகிறேன்?