இரண்டு கபாலி தெரிந்த நாள்

கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நிற்கிற ஆள் ஒருவனாகத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். என்னைப் போலவே இந்த நோய் வந்து, தலையைத் திருப்பினாலே தெரு குதிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்ணடித்தது

சென்னை சாத்தாங்காட்டில் ஓர் இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டும் வேலை. ஒருநாள் தகட்டுக் கட்டைத் தூக்கி இடப்பக்கம் பார்த்தேன். சுமை ஏற்றும் கபாலி இரண்டு பேராக நின்றான். எவன் தலைக்கு மேல் இரும்பு தொங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு கண்ணை மூடினேன்; ஒரு கபாலி மறைந்தான். மிச்சமிருந்தவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, மெதுவாக இறக்கினேன். கண்ணைத் திறக்கப் பயந்து அப்படியே கீழே வந்தவனிடம் அவன் கேட்டான்:

"இன்னா மாமு, வூட்ல அக்கா குத்துக்கல்லாட்டம் கீது, என்னப் பாத்துக் கண்ணடிக்கிற?"

இரண்டு கண், இரண்டு வேகம்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றார் டாக்டரம்மா. நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டு, மூளையின் செய்தி பிந்திப் போகிறதாம். இடப்பக்கம் பார்த்தால் என் வலக்கண் பின்தங்குகிறது, இடக்கண் துடிக்கிறது. தலை அசையும்போது காட்சியைப் பிடித்து நிறுத்துகிற அனிச்சையும் தளர்ந்துவிட்டது. என் மனைவி சரசு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் கூப்ட்டா என்னிக்கும் ஒரு கண்ணுதான் திரும்பும் டாக்டர், இன்னொண்ணு பேப்பர்லயே இருக்கும்."

கட்டைவிரல்

கிரேன் சாவியை முதலாளி பாயிடம் கொடுத்துவிட்டேன். வேறு வேலை உண்டா என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் தினமும் போய் கேட் பக்கம் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்ன பயிற்சியைச் செய்தேன். கட்டைவிரலை நீட்டி, அதிலேயே பார்வையை வைத்து, தலையை மட்டும் இடம் வலமாக ஆட்ட வேண்டும். எங்கள் கிடங்கில் கட்டைவிரலை உயர்த்தினால் 'தூக்கு'. தலையை ஆட்டினால் 'வேண்டாம்'. புது ஆபரேட்டர் மஸ்தான் தகட்டைத் தூக்கினான், நிறுத்தினான், மறுபடி தூக்கினான். கடைசியில் கத்தினான்:

"தூக்கணுமா வாணாவாண்ணே? ஒரு முடிவுக்கு வா, லாரிக்காரன் பேஜார் பண்றான்!"

நாற்காலி

அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் என்னை உள்ளே கூப்பிட்டார். இனி வராதே என்பார் என்று நினைத்தேன், வாசற்படியிலேயே தள்ளாடினேன். அவர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் எடைமேடை அருகில் போட்டார். இனி எடை பார்த்து எழுதுவது என் வேலை என்றார். எந்தப் பக்கம் ஒன்றாகத் தெரிகிறது என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன்.

"அப்ப லாரியெல்லாம் அந்தப் பக்கம் நிக்கட்டும்பா. அதுக்கு இன்னா, கழுத்தா வலிக்கப் போவுது?"

சரசு போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. பின்னாலிருந்து கூப்பிட்டால் நான் திரும்பித் தடுமாறுவேன் என்று இன்றும் கிடங்கில் எல்லோரும் எதிரே வந்து நின்றுதான் பேசுகிறார்கள், கிரேன் மேலே இருந்தபோதுகூட எனக்கு இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.